ஏர்கோன் வேலை

மூன்றரை மணித் தலைவலி என்று நானே அதற்குப் பேர் வைத்திருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, இரண்டாவது கோப்பியும் உள்ளே போய், வேலையில் ஒரு பிடி கிடைக்கிற நேரத்தில் சொல்லிவைத்த மாதிரி நெற்றிப்பொட்டில் வந்து உட்காரும். கூடவே கண்ணில் மணல் விழுந்தாற்போல் ஓர் உறுத்தல், அடக்க முடியாத கொட்டாவி. ஒரே கணக்கை மூன்று தடவை கூட்டினால் மூன்று விடை வரும். ஆபிசில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். முன்மேசை அக்கா கண்ணாடி பவரைப் பார்க்கச் சொன்னார். பக்கத்து மேசைத் தம்பி கோடாலித் தைலத்தை நீட்டினான். அவனுக்கும் அதே நேரத்தில் அதே வலி என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. ஒன்பது பேர் இருக்கிற அறையில் நாலு மேசையில் தைலப் புட்டி நின்றது. அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

கடைசியில் கிளினிக்குக்குப் போனேன். பிரஷர் சரி, சுகர் சரி. டாக்டர் கேட்டார், "ஞாயித்துக்கிழமை வலிக்குதா?" இல்லை. "தீபாவளி லீவுல?" இல்லை. "அப்ப வேலையை மாத்துங்க" என்று சிரித்துக்கொண்டே பனடோல் எழுதிக் கொடுத்தார். நானும் சிரித்தேன். விடையை அவர் என் கையில் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார். அது எனக்குப் பிடிபட இன்னும் ஏழு மாதம் ஆனது.

எங்கள் ஆபிஸ் மலேசியாவில், சுங்கை சிப்புட் பெரிய ரோட்டில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கணக்கு எழுதுவது, வருமான வரிப் பாரம் நிரப்புவது, கம்பெனி பதிவு, இதுதான் பிழைப்பு. கடைவாசல் அஞ்சடி நடைபாதையிலிருந்து செங்குத்தான படி ஏறி வந்தால் கண்ணாடிக் கதவு. கதவைத் தள்ளியதும் முகத்தில் அறையும் குளிர். இரண்டு ஏர்கோன், இரண்டுமே பதினெட்டில். வெயிலில் வருகிற வாடிக்கையாளர்கள் கதவருகே ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பார்கள். எங்கள் பாஸுக்கு அந்த ஒரு நிமிடத்தில் அத்தனை பெருமை.

அப்பா கேட்ட வரம்

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம்: "நல்லாப் படிச்சு ஏர்கோன் ரூம்ல உக்காந்து வேலை பாக்கணும்." டாக்டர், லாயர் எல்லாம் அதற்கு அடுத்த படி. முதல் வரம் ஏர்கோன். கேட்டவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை. அம்மா முதுகில் தோங் என்கிற மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு நிரை நிரையாகப் புல்லுக்கு மருந்து அடித்தவர். பாராகுவாட் என்கிற களைக்கொல்லி. கைவிரல் நகங்கள் நிறம் மாறி, இரண்டு நகம் உரிந்தே போயின. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்த மருந்துக்கு நாட்டில் தடை. அம்மா தோட்டத்தை விட்டு வந்து பல வருடம் கழித்து வந்த தடை. காற்றில் பறக்கும் மருந்தைச் சுவாசித்தே பிள்ளை வளர்த்த ஒருத்தி, நாலு சுவருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கும் வேலையைத் தன் பிள்ளைக்குக் கேட்பதில் என்ன தப்பு?

அப்பா ஸ்மோக்ஹவுசில் இருந்தார். இப்போது எங்கள் பக்கம் முக்கால்வாசி செம்பனை ஆகிவிட்டதால், சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்மோக்ஹவுஸ் என்றால் ஏதோ சாப்பாட்டுக் கடை. ரப்பர் பாலை உறையவைத்து, மெஷினில் கொடுத்து அழுத்தி எடுத்த ஷீட்டுகளை மூங்கிலில் தொங்கவிட்டு, கீழே பால்மரக் கட்டையை எரித்து நாலைந்து நாள் புகை போடுவார்கள். வெள்ளையாக உள்ளே போனது தேன் நிறத்தில் வெளியே வரும். அப்பாவின் வேலை நெருப்பைப் பார்ப்பது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அவர் அதிகம் பார்த்தது கூரையை. உச்சியில் ஒரு பலகைக் கதவு. கீழிருந்து கயிற்றை இழுத்தால் திறக்கும். முதல் நாள் அதைத் திறந்தே வைக்க வேண்டும். பச்சை ஷீட்டிலிருந்து கிளம்புகிற ஈரமெல்லாம் அந்த வழியாகப் போகும். ஈரம் போன பிறகுதான் கதவை இறக்கி, சூட்டை ஏற்றுவது. முதல் நாளே மூடிவிட்டால் ஷீட் புழுங்கும், பின்னாடி பூசணம் பூக்கும், முதல் தரம் மூன்றாம் தரமாகும், தொரையிடம் ஏச்சு விழும். ராத்திரி மழை பெய்தால் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு டார்ச்சோடு கிளம்பிப் போவார், கூரைக் கதவைப் பார்க்க.

2009-இல் எனக்கு இந்த வேலை கிடைத்தபோது அப்பா ஒரு நாள் ஆபிசைப் பார்க்க வந்தார். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு வந்திருந்தார். ஏர்கோனுக்கு நேர் கீழே போய் நின்று, கையைத் தூக்கிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுன்னு இருக்கு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. இதை எழுத நான் இவ்வளவு தயங்கியதற்கு அந்த தே தாரிக்தான் காரணம்.

எங்கள் வீட்டு இன்னொரு ஏர்கோன் வேலை

அண்ணன் மகன் தொழிற்கல்லூரியில் குளிர்பதனம் படித்துவிட்டு ஈப்போவில் ஏர்கோன் சர்வீஸ் செய்கிறான். தாத்தா கேட்ட வரம் பேரனுக்கு எழுத்துக்கு எழுத்து பலித்துவிட்டது என்று குடும்பத்தில் கேலி செய்வோம். போன மார்ச் மாதம் எங்கள் ஆபிஸ் ஏர்கோனில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும் அவனைக் கூப்பிட்டேன். மூடியைக் கழற்றியவன், "அத்தை, கொஞ்சம் மேல ஏறிப் பாருங்க" என்றான். ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். காற்றைத் தள்ளுகிற உருளையின் இதழ் ஒவ்வொன்றிலும் கறுப்பாக, வெல்வெட் துணி ஒட்டின மாதிரி ஒரு படிவு. தண்ணீர் வடிகிற தட்டில் ஜவ்வரிசிக் கஞ்சி போல வழவழவென்று ஏதோ ஒன்று. ஒரு விரலால் அதை எடுத்து என் மூக்கருகே நீட்டினான். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் வருமே, அதே வாடை. பழைய பைல்களின் வாடை என்று பதினைந்து வருடமாக நான் நினைத்திருந்தது இதைத்தான்.

கெமிக்கல் வாஷ் முடிந்து, கறுப்புத் தண்ணீர் வாளி வாளியாகப் போனது. நான் நிம்மதியாகி, "இனிமே நல்ல காத்து வரும்ல?" என்று கேட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே திருப்பிக் கேட்டான்: "எங்கேருந்து?"

"இதோ, இதுலேருந்துதான்."

"அத்தை, இது வெளியேருந்து ஒரு துளி காத்துகூட எடுக்காது. வெளிய மாட்டியிருக்கிற பெட்டி சூட்டைத்தான் தள்ளும். உள்ள இருக்கிற காத்தை இழுக்கும், குளிர வச்சு உள்ளயே விடும். காலையில நீங்க விட்ட மூச்சுதான் சாயந்திரமும் சுத்திக்கிட்டிருக்கும்."

படித்தவள், நாற்பத்திரண்டு வயது, ஏர்கோன் பில்லை மாதாமாதம் கணக்கில் ஏற்றுகிறவள். எனக்கு இது தெரியாது. பாஸுக்கும் தெரியாது. நான் கேட்டுப் பார்த்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தெரியாது. பெரிய கட்டடங்களில், பேரங்காடிகளில், வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே கலக்கிற ஏற்பாடு இருக்கும். கடைவீட்டு மாடியில், சுவரில் மாட்டுகிற ஏர்கோனுக்கு அதெல்லாம் கிடையாது. குளிர்ந்த காற்று என்றால் புதுக் காற்று என்று நாமாக நினைத்துக்கொண்டோம்.

சில நாள் கழித்து அவன் கம்பெனியிலிருந்து ஒரு சின்ன மீட்டரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். கரியமிலவாயுவை அளப்பது. திறந்தவெளியில் 420 பிபிஎம் பக்கம் காட்டும், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. காலை எட்டரைக்கு ஆபிசில் 530. பத்து மணிக்கு 1,540. ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிட இறங்கும்போது 2,210. ஏப்ரல் மாதம், வரிப் பாரம் நிரப்ப ஆள் வரிசையாக உட்கார்ந்திருந்த நேரம். நாலு மணிக்கு 2,640. எனக்குத் தலைவலி மூன்றரைக்கே வந்திருந்தது.

பயப்பட வேண்டாம் என்றான் மருமகன். இந்த அளவில் கரியமிலவாயு விஷமாகிவிடாது. அது சாட்சி மாதிரி. அறைக்குள் மனிதர்கள் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். நாம் விடுகிற மூச்சில் ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பங்கு கரியமிலவாயு. கணக்கு என் தொழில் என்பதால் போட்டுப் பார்த்தேன். 2,640 என்றால், நான் இழுக்கிற ஒவ்வொரு இருபது மூச்சிலும் ஒரு மூச்சுக்குச் சற்று மேல், அந்த அறையில் யாரோ ஏற்கெனவே விட்ட மூச்சு. தம்பியுடையது, அக்காவுடையது, வரிப் பாரத்தோடு வந்த லாரி முதலாளியுடையது. அதோடு ஒன்பது பேரின் வேர்வை, செண்ட், ஜெராக்ஸ் மெஷின் வாடை, புது மேசையின் பசை, நாலு புட்டித் தைலம். எல்லாம் போக வழியில்லாமல் எங்களோடு சுற்றிக்கொண்டிருந்தது.

இது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. மூனிக் நகரத்தில் மாக்ஸ் பெட்டன்கோபர் என்பவர் 1858-இலேயே, மனிதர் இருக்கும் அறையில் கரியமிலவாயு ஆயிரத்துக்கு ஒரு பங்கைத் தாண்டினால் காற்று கெட்டது என்று எழுதிவிட்டார். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 1,000 பிபிஎம். நம் நாட்டில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர நெறிமுறையிலும் உச்ச அளவு அதே 1,000-தான். வெப்பம் 23-லிருந்து 26 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 40-லிருந்து 70 என்றும் அதில் இருக்கிறது. எங்கள் பதினெட்டு அந்தப் பக்கமே போகவில்லை.

"மேல ஓட்டை இல்லியா?"

மீட்டர் வந்த இரண்டாம் நாள் அம்மா ஏதோ கடிதத்தைக் காட்ட ஆபிசுக்கு வந்தார். வழக்கமாக வரமாட்டார், படி ஏற முட்டி விடாது. உள்ளே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவர் மூக்கைச் சுருக்கினார்.

"என்னாடி, ஸ்மோக்ஹவுஸ்ல மொத நாள் வாடை அடிக்குது?"

"இங்க ஏதும்மா ஸ்மோக்ஹவுஸ்?"

"பொகை இல்லடி. புழுக்கம். உங்கப்பா சட்டையில வருமே." அண்ணாந்து பிளாஸ்டர் சீலிங்கைப் பார்த்தார். "மேல ஓட்டை இல்லியா?"

மீட்டர் காட்டிய 2,300-ஐ நான் எழுதிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ரப்பர் ஷீட் பூசணம் பூக்கக் கூடாது என்று கூரையில் கதவு வைத்து, கயிறு கட்டி, அதை இழுத்துப் பார்க்க ராத்திரி மழையில் ஆள் அனுப்பியது தோட்டம். தோட்டம் நல்லது என்று சொல்லவரவில்லை. ஷீட்டின் மேல் இருந்த அக்கறை அதைத் தொங்கவிட்டவரின் நெஞ்சின் மேல் இருந்ததில்லை. அப்பா கடைசி வரைக்கும் இருமிக்கொண்டேதான் இருந்தார். ஆனாலும் ஈரமும் புழுக்கமும் போக ஒரு வழி வேண்டும் என்பது ஆறாம் வகுப்பு தாண்டாத அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. இங்கே கணக்காளர் பட்டம் சுவரில் மாட்டிய அறையில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வியை, முட்டி வலியோடு வந்து உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் அம்மா கேட்டுவிட்டார்.

ஓட்டை இருந்தது. அதுதான் கொடுமை. கட்டடத் துணைச் சட்டம் 1984-இன்படி, அறையின் தரைப் பரப்பில் நூற்றுக்குப் பத்து பங்காவது ஜன்னல் இருக்க வேண்டும், அதில் பாதியளவாவது காற்றுப் போகத் திறக்க வேண்டும். எங்கள் கடைவீடு அதற்கு முந்திய காலத்தது. அதைக் கட்டியவர்களுக்குச் சட்டம் தேவைப்படவில்லை, முன்னும் பின்னும் தாராளமாக வைத்திருக்கிறார்கள். முன்பக்க ஜன்னல்களை எங்கள் சைன்போர்டு முழுசாக மூடியிருக்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஆபிஸ் பேர் தெரியும், ஜன்னல் தெரியாது. பெரிய ரோட்டில் ஒரு நடை நடந்து மாடிகளை அண்ணாந்து பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படித்தான். பின்னால் பைல் அறையில், இரும்பு அலமாரிக்குப் பின்னே, ஒரு நாக்கோ ஜன்னல், கண்ணாடிப் பட்டைகள் திரும்பித் திறக்கிற வகை. ஏழு கண்ணாடி. யாரோ பெயிண்டு அடித்தபோது கைப்பிடியோடு சேர்த்து அடித்து ஒட்டிவிட்டிருந்தார்கள். தம்பியும் நானும் அலமாரியை நகர்த்தி, ஸ்குரூடிரைவரால் பெயிண்டைக் கீறி, கைப்பிடியை அழுத்தினோம். கிறீச்சென்று ஏழும் திரும்பின. சந்துக் காற்று உள்ளே வந்தது. மீன் கழுவிய தண்ணீர், கருவாட்டுக் கடை, தூரத்தில் எங்கோ மழை. படிக்கட்டுக் கதவையும் திறந்து விட்டோம். இருபது நிமிடத்தில் மீட்டர் 900-க்குக் கீழே வந்தது.

பாஸ் தரப்பு

பாஸ் கெட்ட மனிதர் இல்லை. அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், ஏர்கோன் அவருக்கும் கேட்டுக் கிடைத்த வரம். "ஜன்னலைத் திறந்துட்டு ஏர்கோன் போட்டா கரண்டு பில்லை யார் கட்டுறது? கிளையன்ட் வந்து வேர்த்துக்கிட்டு உக்காரணுமா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நம் ஊர் வெளிக்காற்று ஈரம் கோத்துக் கிடப்பது. ஜன்னலை விரியத் திறந்துவைத்தால் ஏர்கோன் தண்ணீரைப் பிழிந்தே களைத்துப் போகும், ராத்திரி அந்த ஈரம் பைல்களில் இறங்கும். கதவை ஆவென்று திறந்து போடுவது வழியில்லை, சின்னதாக ஆனால் விடாமல் காற்று மாறிக்கொண்டிருக்க வேண்டும் என்று மருமகனும் சொன்னான்.

பாஸ் முதலில் வாங்கி வந்தது ஒரு காற்றுச் சுத்திகரிப்பான். நீல விளக்கு எரியும், பார்க்க அம்சமாக இருக்கும். மீட்டர் அசையவே இல்லை. அதற்குள் இருக்கிற ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், கரியமிலவாயுவைப் பிடிக்காது. கடைக்காரர் அதைச் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் அது பேய் பிடித்த மாதிரி உறுமியது. அதில் ஒரு பாடம் கிடைத்தது: மூடிய அறையில் சாம்பிராணியும் புகைதான், சாமிக்குப் போட்டது என்பதற்காக நுரையீரல் விட்டுக்கொடுக்காது. இப்போது பூஜை படிக்கட்டு முனையில். அக்காவுக்கு என் மேல் இன்னும் வருத்தம்.

அடுத்து எக்சாஸ்ட் பேன். பைல் அறைச் சுவரில் பொருத்தி ஓடவிட்ட முதல் நாள் ஆபிஸ் முழுக்க கக்கூஸ் நாற்றம். பாஸ் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். மருமகன் வந்து பார்த்துவிட்டு, கழிவறைத் தரையிலிருந்த வடிகாலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். அவ்வளவுதான். அந்த வடிகாலின் வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டுமாம், அதுதான் சாக்கடை வாயுவை மறிக்கிற மூடி. யாரும் அங்கே தண்ணீர் ஊற்றாததால் காய்ந்து கிடந்திருக்கிறது. பேன் காற்றை வெளியே தள்ளினால், அந்த இடத்துக்கு வேறு எங்கிருந்தோ காற்று வந்தே தீரும். நாம் வழி காட்டாவிட்டால் அதுவாக வழி தேடிக்கொள்ளும். படிக்கட்டுக் கதவின் மேலே ஒரு சட்டகம் பொருத்திக் காற்று வர இடம் விட்டோம். ஏர்கோனை 24-இல் வைத்தோம். ஒரு மணிச் சாப்பாட்டு நேரத்தில் அதை அணைத்து, முன்னும் பின்னும் திறந்துவிடுகிறோம். மீட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் பார்த்த கடைசி மத்தியான அளவு 1,080. ஆயிரத்துக்குள் வரவில்லை. என் தலைவலி வாரத்தில் ஐந்து நாளிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. நான் மட்டும் சொன்னால் மனப்பிரமை என்பீர்கள். தம்பியின் தைலம் தீர்ந்து போய் இரண்டு மாதமாகிறது, அவன் புதுசு வாங்கவில்லை.

புகைமூட்டம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் தீராமல் நிற்கிறது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அந்த மாதிரி ஒரு வாரம் வந்தால் நாக்கோவை மூடித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு அந்த நீல விளக்குச் சனியன்தான் துணை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான ஐபியு நூறைத் தாண்டினால் மூடுவது, உள்ளே ஆளைக் குறைப்பது, முடிந்தவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்வது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கோவிட் காலத்தில் 'செசாக், செம்பிட்' என்று நெரிசலையும் அடைத்த இடத்தையும் தவிர்க்கச் சொல்லி ஒட்டிய தாளுக்குப் பக்கத்திலேயே. அதை நாங்கள் இரண்டு வருடம் தினமும் பார்த்துக்கொண்டே ஜன்னல் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது என்று பாஸிடம் ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவைதான். முறைத்தார்.

போன வாரம் நல்ல மழை. நாலு மணிக்குப் பைல் அறைக்குப் போனேன். பாஸ் அங்கே நாக்கோ முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். அந்த ஜன்னலின் கைப்பிடி ஒன்று பழுதாகி, இப்போது கண்ணாடிகளைக் கையால் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. தூறல் உள்ளே தெறித்து அலமாரி நனைந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் மூடப்போகிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன். கீழே இருந்த இரண்டு கண்ணாடிகளை மட்டும் மூடினார். கைக்குட்டையால் அலமாரியைத் துடைத்தார். மேலே இருந்த ஐந்தையும் தொடவில்லை.